தூணா, பூச்சா?

(பெங்களூரில் ஒரு ஞாயிறு மாலைப் பட்டிமன்றம். தலைப்பு: இலக்கியத்திலும் கலையிலும் தெய்வ உணர்வுக்குக் காமம் துணையா, இடையூறா? ‘துணையே’ என்னும் அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வந்தும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிற பெங்களூர்த் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார். அவர் சொன்னதில் சிலவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆண்டாள் பாடியது ஜீவாத்மா பரமாத்மா தத்துவம், உடம்பு வெறும் உறை என்றார். திருக்கோவையாரில் தலைவன் என்றால் சிவன், தலைவி என்றால் ஆன்மா, கதை முடிந்தது என்றார். கோயில் சிற்பங்கள் வெளிச்சுவரில் இருப்பதே ‘ஆசையை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வா’ என்று சொல்லத்தான் என்றார். நடுவே பட்டினத்தாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். அவருக்கு அடுத்து வந்த அம்மையார் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தச் சிற்பங்கள் இடி விழாமல் இருக்க வைத்தவை என்றார். அம்மா, அது உண்மையானால் மின்சாரக் கம்பத்துக்குக் கம்பம் ஆணும் பெண்ணும் இணைந்த ஒரு மிதுனச் சிற்பம் வைத்திருப்பார்களே!

பட்டினத்தாரை முதலில் அனுப்பிவிடுகிறேன். அவர் துறவி. துறவிக்கு எழுதிய மருந்துச் சீட்டு அது. அதைக் கொண்டுபோய் ஆண்டாளிடம் நீட்டுவது, சர்க்கரை நோயாளியின் சீட்டைப் பாலூட்டும் தாய்க்குக் கொடுப்பது போல.

மற்றதற்கெல்லாம் ஒரே ஒரு சோதனை வைக்கிறேன். இந்த ஊரில் பழைய ஃபிளாட் வாங்கியவுடன் சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்க வேண்டும் என்று தோன்றும். நல்ல மேஸ்திரி கடப்பாரையைத் தூக்குவதற்கு முன் சுவரைத் தட்டிப் பார்ப்பார். மேலே உத்தரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பாரம் தாங்குகிற சுவரா, சும்மா நடுவில் எழுப்பிய தடுப்பா? அதே போல ஒரு பாட்டிலிருந்து, ஒரு சிலையிலிருந்து, காமத்தை எடுத்துப் பாருங்கள். அப்புறமும் அது நின்றால் எதிரணி சொல்வது சரி, காமம் வெறும் பூச்சு. இடிந்து விழுந்தால் அது தூண். இந்தச் சோதனை எனக்கு எதிராகவும் போகும். எங்கே போகிறது என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆண்டாள். மார்கழி 30 நாளும் திருப்பாவை 30 பாட்டு. குழந்தைகள் போட்டியில் ஒப்பிக்கிறார்கள், கோயிலில் ஒலிபெருக்கியில் போடுகிறார்கள், யாருக்கும் சங்கடம் இல்லை. சரி, 19ஆம் பாட்டு என்ன?

குத்து விளக்கெரியக் கோட்டுக்கால் கட்டில்மேல்
மெத்தென்ற பஞ்ச சயனத்தின் மேலேறிக்
கொத்தலர் பூங்குழல் நப்பின்னை கொங்கைமேல்
வைத்துக் கிடந்த மலர்மார்பா வாய்திறவாய்

விளக்கு எரிகிறது, யானைத் தந்தத்தால் கால் வைத்த கட்டில், மெத்தை, அதன் மேல் கண்ணனும் அவன் துணைவி நப்பின்னையும். தோழிகள் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். இது கோயிலில் தினமும் ஓதுகிற பாட்டு. அதற்கு முன்னால் சொல்லும் தனியன், அதாவது போற்றிப் பாட்டு, பராசர பட்டர் அருளியது. ‘நீளா துங்க ஸ்தனகிரி’ என்று தொடங்குகிறது. நப்பின்னையின் மார்பாகிய மலைச் சாரலில் உறங்குகிற கண்ணன் என்று பொருள். பட்டர் ஸ்ரீரங்கத்து ஆசாரியர், சாதாரணர் இல்லை. ஆண்டாளை எப்படி அறிமுகப்படுத்துவது என்று யோசித்தவர் முதல் அடியிலேயே எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் பாருங்கள். பூச்சு என்றால் இவ்வளவு ஆழத்திலா இருக்கும்?

மார்கழி முடிகிறது. எதிரணியும் ஒலிபெருக்கியை அணைத்துவிடுகிறது. ஆனால் அதே குரல் தை மாதத்தில் தொடர்கிறது. ‘தையொரு திங்களும் தரை விளக்கித் தண்மண்டலமிட்டு’ என்று நாச்சியார் திருமொழி தொடங்குகிறது. தரையைத் துடைக்கிறாள், மண்டலக் கோலம் போடுகிறாள், மாசி பிறந்ததும் நுண்மணல் கொண்டுவந்து தெருவை அலங்கரிக்கிறாள். எல்லாம் யாருக்கு? அனங்கனுக்கு, மன்மதனுக்கு. அவன் தம்பியையும் சேர்த்துக் கும்பிடுகிறாள். திருமொழி என்கிற பகுதிகள் மொத்தம் 14, பாட்டு 143. இதில் கல்யாணத்தில் பாடுகிற வாரணமாயிரம் மட்டும் நமக்குத் தெரியும். மற்ற 13ஐ மரியாதையாக ஓரத்தில் வைத்துவிட்டோம்.

முதல் திருமொழியின் ஐந்தாம் பாட்டில் வருகிற உவமையைத் தட்டிப் பார்ப்போம். வானவர்க்கென்று வேதியர் வேள்வியில் வகுத்த அவிசுப் படையலில், காட்டில் திரியும் நரி புகுந்து தாண்டுவதும் மோப்பம் பிடிப்பதும் போல, என்கிறாள். எதைப் போல? ‘ஊனிடை ஆழி சங்கு உத்தமர்க்கென்று உன்னித்தெழுந்த என் தடமுலைகள் மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன் கண்டாய் மன்மதனே.’ இங்கே அவிசு எது? அவள் உடம்பு. நரி எது? மனிதனுக்குக் கல்யாணம் பேசுகிற ஊர்ப்பேச்சு. உடம்பை எடுத்துவிடுங்கள். அப்போது அவிசு இல்லை. அவிசு இல்லையென்றால் வேள்வியே இல்லை, நரி மோந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ஆன்மாவை நரி மோக்குமா? உடம்பை நைவேத்தியமாகவே எண்ணினால்தான் அந்தக் கோபத்துக்கு அர்த்தம். ஒரு சொல்லை உருவினால் நாலு அடியும் சரிந்துவிடுகிறது.

ஏழாம் திருமொழியில் சங்கிடம் போய்க் கேட்கிறாள்:

கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ
திருப்பவளச் செவ்வாய்தான் தித்தித் திருக்குமோ
மருப்பொசித்த மாதவன்தன் வாய்ச்சுவையும் நாற்றமும்
விருப்புற்றுக் கேட்கின்றேன் சொல்லாழி வெண்சங்கே

ஏன் சங்கிடம் கேட்கிறாள்? அந்த வாயைத் தொட்ட சாட்சி அது. சக்கரத்திடம் கேட்டால் பதில் கிடைக்காது. அது விரலில் சுழல்கிறது, உதட்டுக்கு வருவதில்லை. இவ்வளவு கணக்காக ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். கேட்பதும் பொத்தாம் பொதுவாக இல்லை. கற்பூர வாசமா, தாமரை வாசமா, இனிப்பா என்று பிரித்துக் கேட்கிறாள். அதே திருமொழியில் பின்னால் சங்கின் மேலேயே பொறாமை வந்துவிடுகிறது. பதினாறாயிரம் தேவிமார் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாருக்கும் ‘பொதுவாக’ இருக்க வேண்டிய மாதவன் வாயமுதத்தை நீ ஒருவனே புகுந்து குடித்தால் அவர்கள் உன்னோடு சண்டைக்கு வரமாட்டார்களா என்கிறாள். ரேஷன் சரக்கை ஒருத்தனே அள்ளிக்கொண்டு போனால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு வருமே, அந்தக் கோபம். ‘இது தத்துவம்’ என்ற ஒரு வார்த்தையால் இதை மூடினால் கற்பூரமும் போச்சு, தாமரையும் போச்சு, அந்தப் பொறாமையும் போச்சு. மிச்சம் என்ன? ‘ஆன்மா இறைவனை நாடுகிறது’ என்ற வாசகம். அதற்கு ஆண்டாள் எதற்கு? நாள்காட்டித் தாளே போதும்.

ஜீவாத்மா பரமாத்மா என்ற விளக்கத்தை நான் மறுக்கவில்லை. வைணவ உரையாசிரியர் பெரியவாச்சான் பிள்ளை இந்தப் பாசுரங்களுக்கெல்லாம் உரை எழுதியிருக்கிறார். ஆனால் அவர் ஒரு பாசுரத்தையும் வெட்டவில்லை. தத்துவம் மாடி என்றால் உடம்பு கீழ்த்தளம். கீழ்த்தளத்தை இடித்துவிட்டு மாடியில் குடியிருக்கிறேன் என்கிறார் எதிரணித் தலைவர். அவருக்கு ஆண்டாளே 13ஆம் திருமொழியில் பதில் சொல்லிவிட்டாள்: ‘கொம்மை முலைகள் இடர்தீரக் கோவிந்தற்கோர் குற்றேவல் இம்மைப் பிறவி செய்யாதே இனிப்போய்ச் செய்யும் தவம்தான் ஏன்?’ இந்தப் பிறவியில், இந்த உடம்போடு செய்ய முடியாத தொண்டு, இனி எங்கோ போய்ச் செய்கிற தவம், எனக்கு எதற்கு?

பெண் பாடியதால் அப்படி என்று சொல்ல நினைத்தால் திருமங்கையாழ்வாரைப் பாருங்கள். வேலும் வாளும் பிடித்த குறுநில மன்னர். அவர் பரகால நாயகி என்ற பெண்ணாக மாறி மடல் பாடுகிறார், ஒன்றுக்கு இரண்டாக. மடல் ஏறுவது என்றால் என்னவென்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். பனை மட்டையால் குதிரை செய்வார்கள். அந்த மட்டையின் இரண்டு ஓரமும் ரம்பப் பல் மாதிரி கருக்கு இருக்கும். அதன்மேல் ஏறி, எருக்கம்பூ மாலை போட்டு, காதலித்தவள் உருவத்தைக் கிழியில் எழுதிக் கையில் பிடித்து ஊர் நடுவே வருவான். உடம்பு அறுபடும், மானம் போகும். ஊர் பார்த்துப் பதறிப் பெண்ணைக் கொடுக்கும். இதை ஆண்தான் செய்யலாம். ‘எத்திணை மருங்கினும் மகடூஉ மடல்மேல் பொற்புடை நெறிமை இன்மையான’ என்று தொல்காப்பியம் சட்டமே போட்டிருக்கிறது. கடல்போலக் காமம் வருத்தினாலும் மடல் ஏறாததே பெண்ணின் பெருமை என்று குறளும் சொல்கிறது. திருமங்கைக்கு இது தெரியாதா? தெரியும். பெரிய திருமடலிலேயே சொல்கிறார்: பெண் மடலூர மாட்டாள் என்றொரு வாசகம் தென்னுரையில் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ‘அதனை யாம் தெளியோம், மன்னும் வடநெறியே வேண்டினோம்’. தமிழ் இலக்கணம் தடுத்தால் வடக்கத்தி வழியில் ஏறுகிறேன் என்கிறார். தனக்குத் தெரிந்த விதியை ஒரு கவிஞன் பேர் சொல்லி மீறுகிறான் என்றால், விதிக்குள் இருக்கிற எந்த வழியும் அவனுக்குப் போதவில்லை என்று பொருள். கடவுளையே ஊர்ச் சிரிப்பால் மிரட்ட வேண்டியிருக்கிறது. ‘ஞானத்தில் தம் பேச்சு, பிரேமத்தில் பெண் பேச்சு’ என்று ஆசார்ய ஹ்ருதயம் என்ற வைணவ நூல் இதைச் சூத்திரமாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆழ்வார்களுக்கு அறிவு பேசும்போது சொந்தக் குரல் போதும். அன்பு முற்றினால் அது போதாது.

இப்போது மாணிக்கவாசகரின் திருக்கோவையார். எதிரணித் தலைவர் சறுக்கிய இடம் இது. கட்டளைக் கலித்துறை யாப்பில் 400 பாட்டு, காதலின் கட்டங்களாகப் பிரித்த 25 கிளவிக்கொத்து. இயற்கைப் புணர்ச்சியில் தொடங்கிப் பரத்தையிற் பிரிவில் முடிகிறது. இதைச் சைவர்கள் எங்கே வைத்தார்கள்? திருவாசகத்தோடு சேர்த்து எட்டாம் திருமுறையில். ‘தலைவன் என்றால் சிவன்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார் ஐயா. கோவை இலக்கணத்தில் இரண்டு தலைவன் உண்டு. பாட்டுடைத் தலைவன் ஒருவன், கிளவித் தலைவன் ஒருவன். பாட்டுடைத் தலைவனுக்குப் பேர் உண்டு, ஊர் உண்டு. இங்கே அவன் தில்லைக் கூத்தன். கிளவித் தலைவனுக்குப் பேரே கிடையாது. காதலிப்பவன் அவன்தான். அகத்திணையில் காதலர்க்குப் பேர் சுட்டக்கூடாது என்பது விதி. ஆகவே நூலின் சட்டத்தின்படி காதலிப்பது சிவன் அல்ல. யாரோ ஒரு பையனும் யாரோ ஒரு பெண்ணும். அவர்கள் காதலிக்கிற மலை சிவனுடையது, சோலை சிவனுடையது, உவமை எல்லாம் சிவனுடையது. மனிதக் காதலைத் தில்லைக்குள் வைத்து 400 பாட்டுப் பாடி, அதைத் திருமுறை என்று கும்பிட்டிருக்கிறார்கள்.

‘உட்பொருள் உரை இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. பிற்காலத்தில் வந்த அந்த உட்பொருள் மரபில் தலைவன் உயிர், தலைவிதான் சிவம். நீங்கள் சொன்னதற்கு நேர் தலைகீழ்! உருவகம் என்று வாதாடினால் அந்த உருவகத்தையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். ‘திருவளர் தாமரை சீர்வளர் காவிகள்’ என்று தொடங்கித் தாமரை, காவி, குமிழ், கோங்கு, காந்தள் என ஐந்து பூவால் ஒரு பெண்ணைக் கட்டுகிறார். முகம், கண், மூக்கு, மார்பு, கை. கட்டி முடித்துக் கடைசி அடியில் எதைப் போல ஒளிர்கிறாள் என்கிறார்? ‘உருவளர் காமன்றன் வென்றிக் கொடிபோன்று.’ காமனின் வெற்றிக் கொடி! காமனை நெற்றிக் கண்ணால் எரித்தவர் பேரில் பாடுகிற நூலில், முதல் பாட்டிலேயே காமன் கொடியேற்றிவிட்டான். மாணிக்கவாசகர் தெரியாமல் எழுதினாரா?

இதற்குச் சாத்திரத்திலும் விடை இருக்கிறது. சிவஞான சித்தியார் சைவ சித்தாந்தத்தின் பதினான்கு மெய்கண்ட சாத்திரங்களில் ஒன்று. காதல் காவியம் ஒன்றும் இல்லை, கறாரான தருக்க நூல். அதில் அருணந்தி சிவாசாரியார் சொல்கிறார்: கண்ணுதலான் சிவன் யோகத்தில் உட்கார்ந்துவிட்டான், காமன் வேலை நின்றுபோயிற்று, தேவர் முதலாக எல்லாரும் வேட்கைக்கு மெலிந்து போனார்கள். பிறகு திருமால் மதனை ஏவ, சிவன் அவனை எரித்து, அதன்பின் ‘இமவான் பெற்ற பெண்ணினைப் புணர்ந்துயிர்க்குப் பேரின்பம் அளித்தது ஓரார்’. இதை யோசிக்க மாட்டேன் என்கிறார்களே என்று வருத்தப்படுகிறார். அம்மையார் தம் பேச்சில் சிற்றின்பம், பேரின்பம் என்று நடுவில் வேலி போட்டார். சித்தாந்த நூல் புணர்ச்சி என்ற சொல்லையும் பேரின்பம் என்ற சொல்லையும் ஒரே அடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது. வேலி எங்கே அம்மா?

தமிழுக்கு இது புதிதும் இல்லை. ‘காமப் பகுதி கடவுளும் வரையார்’ என்பது தொல்காப்பியம். வரையார் என்றால் விலக்கமாட்டார். கடவுளைப் பாடும்போதும் காமத்தை விலக்க வேண்டாம் என்று இலக்கணமே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. திருக்கோவையார் பற்றிய பழைய தனிப்பாட்டு ஒன்றும் உண்டு: அந்தணர் இதை வேதம் என்பர், யோகியர் ஆகமம் என்பர், ‘காமுகர் காமநன் னூலதென்பர்’. எதிரணியினர் அந்த மூன்றாவது கருத்தைப் படித்துவிட்டு மிரண்டு போனார்கள் போலிருக்கிறது.

மேல்நாட்டு உதாரணம் ஒன்று போதும். உன்னதம் என்ற கலைத் தத்துவத்தைப் பற்றிக் கிரேக்க மொழியில் லாங்கினஸ் பேரில் வழங்கும் பழைய நூல் இருக்கிறது. அதில் உன்னதத்துக்கு உதாரணமாக வருவது கிரேக்கப் பெண் கவிஞர் சாஃபோவின் காதல் பாட்டு. நாக்கு உடைந்து, தோலுக்கடியில் நெருப்பு ஓடி, காது இரைந்து, புல்லைவிட வெளுத்துப் போகிற உடம்பு. அந்தப் பாட்டு இன்று நம் கையில் இருப்பதே அவர் மேற்கோள் காட்டியதால்தான். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கையில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில், காதலனும் காதலியும் பேசுகிற எட்டு அதிகாரத்துக்குப் பேர் என்ன? உன்னதப்பாட்டு. பேர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, கல்லுக்கும் செம்புக்கும் வருவோம். வெளிச்சுவர் வாதம். கஜுராஹோவில் லக்ஷ்மண, விசுவநாத, கந்தாரிய மகாதேவ கோயில்கள் மூன்றிலும் புணர்ச்சிச் சிற்பங்கள் திரண்டு நிற்கிற இடம் எது? மண்டபமும் கருவறையும் சேருகிற சந்திச் சுவர். மொத்தச் சிற்பத்தில் அவை சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கை எங்கே வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். இரண்டு கட்டடப் பகுதிகள் கூடுகிற மூட்டில் இரண்டு உடல்கள் கூடுகிற சிற்பத்தை வைத்தார்கள். கல்லில் சிலேடை! ‘வெளியே கழற்றிவிட்டு வா’ என்பதற்கு நுழைவாசல்தானே பொருத்தமான இடம்? இவை கருவறையின் தோளில் அல்லவா உட்கார்ந்திருக்கின்றன! வாசலிலும் மிதுனம் உண்டு, ஆனால் காரணம் வேறு. வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் கோயில் நிலைக்கால் அலங்காரத்துக்குப் பட்டியல் தருகிறார்: மங்கலப் பறவை, சுவஸ்திகம், பூரண கும்பம், மிதுனம், இலைக்கொடி. நிறைகுடத்துக்குப் பக்கத்து இருக்கை. எச்சரிக்கைப் பலகையை யாராவது பூரண கும்பத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்களா?

இந்த ஊர்க்காரர்கள் ஒரு நாள் பயணத்தில் பேலூர் பார்த்துவிட்டு வருகிறீர்கள். விஷ்ணுவர்த்தனன் 1117இல் கட்டிய சென்னகேசவர் கோயில். இறவாணத்துக்கு அடியில் சாய்ந்து நிற்கிற மதனிகை என்னும் பெண் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி பார்க்கிறவள், ஆடுகிறவள், ஆடையைக் குரங்கு இழுக்கிறவள். மாக்கல், உளிக்குக் குழையும். அதனால்தான் நகையில் துளை தெரிகிறது. இன்னொன்று கவனித்தீர்களா? பீடங்களில் சிற்பிகள் பேர் வெட்டியிருக்கிறது. பள்ளிகாவியிலிருந்து வந்த தாசோஜா, அவர் மகன் சாவணா. அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செதுக்கி, பேரும் போட்டிருக்கிறார்கள். தப்புக் காரியம் செய்கிறவன் கையெழுத்துப் போடுவானா நடுவரே?

செம்புச் சிலையில் இன்னும் துல்லியம். சுவாமிமலை ஸ்தபதி அம்மன் சிலைக்கு முதலில் கையில் எடுப்பது ஓலையை. சிலை உயரத்துக்கு ஓலை நறுக்கி, மடித்து மடித்து அளவு குறிப்பார். முக நீளம் ஒரு தாலம், 12 அங்குலம். மொத்த உயரம் சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம் என்ற அளவில் 124 அங்குலம். அம்மனுக்கு மத்திம தசதாலம், 120. அந்த அளவுப் பட்டியலில் கண்ணுக்கும் காதுக்கும் கணக்கு இருக்கிறது. மார்புக்கும் இடைக்கும் தொடைக்கும் அதே பட்டியலில் கணக்கு இருக்கிறது. பக்திக்கு ஒரு நோட்டு, அழகுக்கு ஒரு நோட்டு என்று இரண்டு கணக்கு எழுதவில்லை. பிறகு மெழுகு. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்ப்பார்கள். குங்கிலியம் குறைந்தால் வெயிலில் விரல் தொங்கிவிடும். கூடினால் படீரென்று ஒடியும். முதல் பூச்சுக்குக் காவிரி வண்டல், மாவுபோல மெல்லியது. நகையின் கோடுகூட அதில் பதிய வேண்டும். நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயிலில் வைத்தால் வெடிக்கும். மேலே முரட்டு மண் பூசிக் கம்பி கட்டிச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். எவ்வளவு உலோகம்? கல்யாணிச் சாளுக்கியன் மூன்றாம் சோமேஸ்வரனின் மானசோல்லாசம் 12ஆம் நூற்றாண்டிலேயே கணக்குச் சொல்லிவிட்டது: செம்புக்கு மெழுகின் எடையைப்போல் எட்டு மடங்கு. அச்சில் ஈரம் மிஞ்சினால் ஆவி கிளம்பிச் சிலையில் ஓட்டை விழும். அச்சு ஆறிப்போனால் உலோகம் விரல் நுனியை எட்டுமுன் உறையும். விரல் இல்லாத அம்மனை யாரும் கும்பிட மாட்டார்கள், திரும்ப உருக்க வேண்டியதுதான்.

இத்தனை பாடும் எந்த விரலுக்காக? தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரர், அதாவது கல்யாணக் கோலத்துச் சிவன், இருக்கிறார், 11ஆம் நூற்றாண்டு. சிவன் பார்வதியின் கையைப் பிடிக்கிறார். பார்வதி தலை தாழ்ந்து, உடம்பு ஒரு பக்கம் ஒசிந்து நிற்கிறாள். முதல் தொடுதலில் வருகிற கூச்சம் அந்தத் தோளில் இருக்கிறது. நம் சோதனையை வைத்துப் பாருங்கள். அந்தக் கூச்சத்தை எடுத்துவிட்டு இருவரையும் விறைப்பாக நிறுத்தினால், தாலக் கணக்கு அப்படியே இருக்கும். பார்க்க ஏதோ கம்பெனி ஒப்பந்தத்தில் இரண்டு பேர் கைகுலுக்குகிற மாதிரி இருக்கும்.

எனக்கு எதிராகப் போகும் இடத்தைச் சொல்கிறேன் என்றேனே. விறலிவிடு தூது என்று ஒரு வகை. ஜமீன் சபைகளில் கைதட்டு வாங்கியவை பல. தாசியிடம் பணத்தை இழந்தவன் கதை. முன்னால் காப்புச் செய்யுள், நடுவில் ஊர்த் தெய்வம் பேர். அதில் காமத்தை எடுத்தால் நூல் இடியும், சரிதான். ஆனால் கடவுளை எடுத்துப் பாருங்கள், ஒரு செங்கல்லும் அசையாது. அங்கே தெய்வம்தான் பூச்சு. சில தலபுராணங்களில் நேர்மாறு. அம்மனைக் கேசம் முதல் பாதம் வரை வருணிக்க வேண்டும் என்று சடங்குக்கு வருணிப்பான். மின்னலிடை, வேய்த்தோள், பழைய கிடங்குச் சரக்கு. அந்த நாற்பது பாட்டை உருவினாலும் புராணம் சௌக்கியமாக நிற்கும். அங்கே எதிரணி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், அது இடையூறுதான். ஆனால் அங்கே தப்பு ஆசையின் மேல் இல்லை. ஆசையே இல்லாமல் ஆசையைப் பாடினான் பாருங்கள், அங்கே இருக்கிறது.

(மணி.)

மணி அடித்துவிட்டீர்கள், இரண்டு நிமிடம் கொடுங்கள் நடுவரே. இந்த ஊர் பேரைத் தன் பேருக்கு முன்னால் வைத்துக்கொண்ட ஓர் அம்மையாரைச் சொல்லாமல் பெங்களூர் மேடையிலிருந்து இறங்கக்கூடாது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள், பிறந்தது 1878. தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் பாடிய ராதிகா சாந்த்வனம் என்ற நூலை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். கண்ணன், ராதை, இளா மூவரின் சிருங்காரம். முன்னால் வந்த பதிப்பில் சில பாட்டுகளையும், கவிஞர் தம் குலத்தைச் சொல்லும் முகவுரையையும் விட்டுவிட்டிருந்தார்கள். கவனியுங்கள், ஆசையை வெட்டக் கத்தி எடுத்தவன் கை, பாடியவள் பாட்டி பேரையும் சேர்த்து வெட்டியிருக்கிறது. ஆபாசம் என்று ஆங்கில அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தடை விலகியது. அதே நாகரத்தினம்மாள்தான் தம் கைப்பொருளைப் போட்டுத் திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். அவருக்குள் இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.

நாட்டியத்திலும் இதே சண்டை. சிருங்காரப் பதங்களை, அதாவது காதல் பாட்டுகளை, கழித்தால்தான் பரதம் தூய்மையாகும் என்ற பேச்சு எழுந்தபோது, நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மையார் 1975இல் தமிழிசைச் சங்கத்தில் பேசினார். நாட்டியக் கச்சேரியின் உருப்படிகள் வரிசையாக ஒரு கோயில் மாதிரி என்றார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் மண்டபம், வர்ணத்தில் சந்நிதிப் பிராகாரத்துக்கு வந்துவிடுகிறோம். ஆசையும் ஊடலும் மட்டுமே விஷயமாக இருக்கிற பதம் வரும்போது? வெளிச்சத்திலிருந்து கருவறைக்குள் நுழையும் குளிர்ச்சியும் அமைதியும் அப்போதுதான் என்றார். எதிரணி வாசலில் கழற்றச் சொன்னதை அந்த அம்மையார் மூலஸ்தானத்தில் வைத்திருக்கிறார்.

எனக்கு அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே கேள்வி. நம் சிவன் கோயில்களில் பள்ளியறை என்று ஓர் அறை இருக்கிறது. மதுரையில் அர்த்தசாம பூசை முடிந்ததும் சொக்கநாதர் திருவடியைப் பல்லக்கில் ஏற்றி, தீவட்டியும் நாகசுரமுமாக, மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். பால் வைக்கிறார்கள், பாடுகிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள். கல்யாணம் தள்ளிப்போகிறவர்களும் குழந்தைக்கு ஏங்குகிறவர்களும் அந்த நேரத்துக்கென்றே வந்து நிற்கிறார்கள். காலையில் அந்தக் கதவைத் திறந்து எழுப்பித்தான் அடுத்த நாள் தொடங்குகிறது. ஐயா, காமம் இடையூறு என்று நிரூபிக்க வருகிறீர்கள். வரும்போது, அந்த அறையை இடிப்பதா, பூட்டுவதா, அதையும் இந்தச் சபையில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். வணக்கம்.